ஆய்வுக் கூடத்தில் இளமையும் முதுமையும்



தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் வாழ்பவன் நான். தேசபக்தர் சுப்பிரமணிய சிவா தமது இறுதி நாட்களைக் கழித்து, 1925-ஆம் ஆண்டில் 40 வயதில் மறைந்த ஊர் என்று சொன்னால் உங்களிற் பலருக்கு விளங்கும். எங்கள் ஊரில் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "பெரிய விஞ்ஞானிகள் இருபது, இருபத்தைந்து வயதிலேயே உண்மைகளைக் கண்டுபிடித்துவிடுகிறார்களாமே? மீதி வாழ்நாளில் அவர்கள் என்னதான் செய்வார்கள்?" என்று கேட்கிறார்கள். விளையாட்டாகக் கேட்கப்படும் கேள்விதான். எனினும், புகழை நாடும் ஆசை, முதுமை, பிறரோடு கூடி உழைத்தல் ஆகிய மூன்றும் ஓர் ஆராய்ச்சியாளரின் வாழ்வில் எவ்வாறு ஒன்றோடொன்று மோதுகின்றன என்பதை அறிய இக்கேள்வி நல்ல வாயிலாகும்.

விஞ்ஞானம் இளைஞருக்கே உரியது என்ற எண்ணத்தைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் கேம்பிரிட்ஜ் கணித மேதை ஹார்டி. நமது இராமானுஜன் 1913-ல் எழுதிய கடிதத்தைக் கண்டு, அதன் மதிப்பை உணர்ந்து, அவரை இங்கிலாந்துக்கு அழைத்தவர் இவரே. இராமானுஜன் 1920-ல் 32 வயதில் மறைந்தார். அதற்கு 20 ஆண்டுகள் கழித்து, தாமும் 60 வயதைக் கடந்திருந்த நிலையில், கணிதம் இளைஞரின் துறை என்று ஹார்டி ஏக்கத்தோடு எழுதினார். தம்முடைய ஆற்றல் குன்றிவிட்டது என்ற துயரம் அந்நூல் முழுவதும் படர்ந்திருக்கிறது.

அவருக்கு முன்னமே ஹக்ஸ்லி என்ற உயிரியல் அறிஞர் இன்னும் கடுமையாகப் பேசியிருந்தார். 60 வயதைத் தாண்டிய விஞ்ஞானியால் நன்மையைவிடத் தீமையே மிகுதி என்பது அவர் கருத்து. இதைப்பற்றி ரேலி பிரபுவிடம் அவருடைய மகன் கேட்டாராம். வானம் ஏன் நீலமாகத் தோன்றுகிறது என்பதை விளக்கியவர், 1904-ல் நோபல் பரிசு பெற்றவர் இந்த ரேலி. கேட்ட போது அவரும் 60 வயதைக் கடந்தவர்தாம். இளைஞர்களின் வேலையைக் குறை கூறுவதையே முதியவர் தொழிலாகக் கொண்டால் ஹக்ஸ்லி சொன்னது நடக்கக்கூடும். தமக்கு நன்கு தெரிந்த துறையில் தம் வேலையைச் செய்துகொண்டிருப்பவருக்கு அப்படி நேர வேண்டியதில்லை என்ற பொருளில் அவர் விடையளித்தார். என் நோக்கில், ஹார்டியின் ஏக்கத்தைவிட ரேலியின் விடையே உண்மைக்கு அண்மையில் நிற்கிறது. முதுமையில் மூளை மழுங்குவது ஒரு பக்கம் இருக்கட்டும். காது அடைத்துப் போவதன்றோ பெருங்கேடு?

இதற்குச் சான்று காட்ட ஒரு தமிழரின் கதையே போதும். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர் 1930-ல், 19 வயதில், மேற்படிப்புக்காகக் கப்பலேறினார். அப்பயணத்திலேயே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார். எரிபொருள் தீர்ந்துபோன விண்மீன் தன் ஈர்ப்பினால் தானே சுருங்குகிறது. நெருங்கி அடைபட்ட எலெக்ட்ரான்கள் ஓர் எதிர்ப்பைத் தந்து அச்சுருக்கத்தைத் தடுத்து நிறுத்துகின்றன. அவ்வாறு நின்றுபோன விண்மீனை வெள்ளைக் குள்ளன் என்பர். விண்மீனின் பொருண்மை மிகுந்தாலோ, எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குகிறது. ஈர்ப்பைத் தாங்கும் அளவுக்கு அவற்றின் எதிர்ப்பு வளர்வதில்லை. ஆகவே, சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட பொருண்மையோடு எந்த விண்மீனும் வெள்ளைக் குள்ளனாக நிலைபெற முடியாது. அது மேலும் மேலும் சுருங்கியே தீரவேண்டும்.

பிறகு பல ஆண்டுகள் இதனைச் செம்மைப்படுத்தி, 1935 ஜனவரி 11-ஆம் நாள் இலண்டன் இராயல் வானவியல் கழகத்தில் அவர் எடுத்துரைத்தார். அப்போது அவருக்கு வயது 24. அடுத்துப் பேச எழுந்தவர் 52 வயதான எடிங்டன். அக்காலத்து வானவியலில் அவருக்கு நிகர் எவருமில்லை. கேம்பிரிட்ஜில் சந்திரசேகரின் அறைக்கே வந்து, அந்தக் கணக்கு வளர்ந்த விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அப்படிப்பட்டவர், விண்மீன் இவ்வாறு நடந்துகொள்வது நகைப்புக்குரியது, அதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்று சொல்லி அவையைச் சிரிக்க வைத்தார்.

இதே எடிங்டன், 1919-ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் புதுக் கொள்கைக்குச் சான்று தேடிக் கடல் கடந்து சென்றவர். அன்று அவருக்கு வயது 36. பிறர் ஐயுற்ற புதுமைக்குத் தோள் கொடுத்த அந்த மனிதர், 16 ஆண்டுகளில் வேறொரு புதுமைக்குக் கதவடைத்தார். ஆனால் என் மனத்தை உறுத்துவது எடிங்டனின் பிழை அன்று. பௌலி போன்ற பெரிய பௌதிக அறிஞர்கள் சந்திரசேகரின் கணக்கே சரியென்று தனிமையில் கூறினர். அவைக்கு நடுவில் வந்து சொல்ல முன்வரவில்லை. ஒருவர் தவறு செய்வது இயல்பு. பலர் வாளாவிருந்ததே அத்தவறை இத்தனை காலம் நிலைக்கச் செய்தது.

இனி, கூடி உழைப்பதைப் பற்றிப் பார்ப்போம். இராமன் விளைவு என்றவுடன் நாம் ஒரே ஒரு மனிதரை நினைக்கிறோம். அதன் வரலாறோ ஏழு ஆண்டு வரலாறு. 1921-ல் இராமன் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது, கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்ற ரேலியின் கருத்தை ஐயுற்றார். மேற்பரப்பிலிருந்து எதிரொளிக்கும் ஒளியைப் பட்டகத்தால் விலக்கிப் பார்த்தும் நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் தெளிந்தார். கல்கத்தாவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் கூடத்தில் இந்த ஆராய்ச்சி தொடர்ந்தது. 1923-ல் அவருடைய மாணவர் கே. ஆர். இராமநாதன், சிதறிய ஒளியில் இருக்கக் கூடாத ஒரு மங்கிய நிறத்தைக் கண்டார். நீரில் அழுக்கு இருக்குமோ என்று மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தியும் அது நீங்கவில்லை. கே. எஸ். கிருஷ்ணன் வேறு பல திரவங்களிலும் அதையே கண்டார். வேங்கடேசுவரன் என்னும் மற்றோர் அன்பர் கிளிசரினில் அது பசுமையாகத் தெளிவுற ஒளிர்வதைக் கண்டார். கருவிகளை ஒழுங்கு செய்து தந்த உதவியாளர் ஆசு பாபுவையும் மறத்தல் ஆகாது.

1928 பிப்ரவரியில் இராமன் கிருஷ்ணனைச் சோதனைக்கு முழுமையாக இழுத்துவிட்டார். அம்மாதம் 28-ஆம் நாள் உண்மை உறுதியாயிற்று. ஒளி, மூலக்கூறில் பட்டுச் சிதறும்போது தன் ஆற்றலில் ஒரு பகுதியை அதற்குக் கொடுத்தோ, அதனிடமிருந்து பெற்றோ, நிறம் மாறி வெளிவருகிறது! அப்போது இராமனுக்கு வயது 39, கிருஷ்ணனுக்கு 29. மார்ச்சு 31-ல் நேச்சர் இதழில் வெளிவந்த குறிப்பில் இருவர் பெயரும் இருந்தன. மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஸ்டாம் என்ற இருவர் அதே மாதத்தில் படிகங்களில் இதே விளைவைக் கண்டுவிட்டனர், வெளியிடுவதில் பிந்தினர். இராமனின் விரைவு அங்கே பயன் தந்தது. 1930-ல் பரிசு அறிவிக்கப்படுமுன்பே அவர் ஐரோப்பாவுக்குக் கப்பலில் இடம் பதிவு செய்துவிட்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. புகழாசையைப் பழிப்பது எளிது. அடிமை நாட்டின் ஒரு சிறு கூடத்தில், எளிய கருவிகளோடு, உலகத்தை முந்த நினைத்தவருக்கு அந்த வேட்கை இல்லாதிருந்தால் வேலை முடிந்திராது என்றே நான் கருதுகிறேன்.

பரிசு இராமன் ஒருவருக்கே வந்தது. இது நியாயமா என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. கேள்வியை எழுப்பியதும், ஏழு ஆண்டு விடாமல் பற்றியதும் இராமன். அந்த இறுதி வாரங்களில் கண்ணும் கையும் கிருஷ்ணன். எதை எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்கும் தராசு நம்மிடம் இல்லை. கிருஷ்ணன் இதனால் முடங்கிப் போகவில்லை. படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்து தம் பெயரைத் தாமே நாட்டினார். 1940-ல் இராயல் கழக உறுப்பினரானார். 1947-ல் தில்லி தேசிய பௌதிக ஆய்வுக் கூடத்தின் முதல் இயக்குநரானார்.

கூட்டு உழைப்பு என்பது பெரிய மேதைகளின் சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் எங்கள் பாப்பாரப்பட்டியிலேயே இருக்கிறது. வெவ்வேறு துறை வல்லுநர்கள் ஒரே கூரையின்கீழ் இருப்பது இத்தகைய நிலையங்களின் அமைப்பு. எங்கள் பக்கத்தில் தக்காளி பயிரிடுவோர் மிகுதி. தக்காளியின் இலை சுருண்டு சிறுத்துப் போகும் நோய் ஒன்றுண்டு. அதற்குக் காரணம் ஒரு வைரஸ். நோயியல் வல்லுநர் அதை இனங்காண்பார். ஆயினும் செடிக்குள் புகுந்த வைரஸை அழிக்கும் மருந்து அவர் கையில் இல்லை. அவ்வைரஸைச் சுமந்து வருவது வெள்ளை ஈ. அதன் பழக்கம் பூச்சியியலாருக்குத் தெரியும். மஞ்சள் நிறத்தால் அது கவரப்படுவதை அறிந்து ஒட்டும் பொறி வைக்கச் சொல்வார். நாற்றங்காலை வலையால் மூடு, வரப்போரம் மக்காச்சோளம் விதை என்பார் பயிரியலார். தாங்கும் இரகத்தைத் தேடித் தருபவர் பயிர்ப் பெருக்க வல்லுநர். இவர்களில் ஒருவர், "இது என் நோய், நீ தொடாதே" என்றால் நட்டம் விவசாயிக்குத்தான்.

கூடி உழைப்பவர் தம்முள் எவ்வாறு பழக வேண்டும்? ஹார்டியும் லிட்டில்வுட்டும் சேர்ந்து ஏறத்தாழ 100 கட்டுரைகள் எழுதினர். அவர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட ஏற்பாடு சுவையானது. ஒருவர் மற்றவருக்கு எழுதுவது சரியாயிருந்தாலும் தவறாயிருந்தாலும் கவலையில்லை. வந்த கடிதத்துக்கு விடை எழுத வேண்டிய கடமையில்லை, படிக்கவும் வேண்டியதில்லை. இருவரும் ஒரே நுணுக்கத்தை ஒரே வேளையில் சிந்திக்க வேண்டாம். ஒரு கட்டுரைக்கு ஒருவர் எதுவுமே செய்யாதிருந்தாலும் இருவர் பெயரும் அதில் இருக்கும். கேட்பதற்கு நகைச்சுவையாகத் தோன்றும் இவ்விதிகள், தவறு சொல்ல அஞ்சாத உரிமையை இருவருக்கும் தந்தன. இன்று கூட்டின் அளவே மாறிவிட்டது. 2015-ல் ஈர்ப்பலைகள் முதன்முதல் பதிவானதை அறிவித்த கட்டுரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர் இருந்தது. நம் நாட்டினரும் அதில் இருந்தனர். அதற்காக 2017-ல் நோபல் பரிசு பெற்ற மூவருமே 75 வயதைத் தாண்டியவர்கள்.

இராமனின் முதுமைக்கு வருவோம். 1940-களில் படிகங்களின் அதிர்வைப் பற்றி மாக்ஸ் பார்ன் என்ற அறிஞரோடு அவருக்குக் கடும் பிணக்கு மூண்டது. பின்னாளைய சோதனைகள் பார்னின் பக்கமே நின்றன; இராமன் தம் நிலையிலிருந்து இறங்கவில்லை. எடிங்டனைத் தாக்கிய அதே பிடிவாதம் இவரையும் விடவில்லை என்று சொல்வதில் நமக்கு வருத்தம் இருக்கலாம், பொய் இல்லை. அதே இராமன், 1948-ல் தாம் பெங்களூரில் நிறுவிய கழகத்தில் மலர்களின் நிறத்தையும் கண் நிறம் காணும் விதத்தையும் 70 வயதுக்குப் பின்னும் ஆராய்ந்து கொண்டிருந்தார். 1970 அக்டோபர் 2-ல் அங்கே தம் இறுதிக் காந்தி நினைவுச் சொற்பொழிவை நிகழ்த்தினார். அடுத்த மாதம் மறைந்தார்.

அவருடைய தமையனார் மகனான சந்திரசேகர் நடந்த வழி வேறு. எடிங்டனோடு மேலும் வழக்காடிக் கொண்டிராமல், தம் முடிவுகளை 1939-ல் ஒரு நூலாக்கி வைத்துவிட்டு வேறு துறைக்குப் போனார். அதிலிருந்து அவர் வாழ்நாள் ஒரு விந்தையான ஒழுங்கைப் பெற்றது. விண்மீன்களின் இயக்கம், ஒளிப் பரவல், திரவங்களின் நிலைத்தன்மை, சுழலும் கோளங்கள், பொதுச் சார்புக் கொள்கை, கருந்துளை என்று ஒவ்வொரு துறையிலும் சில ஆண்டுகள் மூழ்குவார். ஒரு நூல் எழுதுவார். பின் அதை விட்டு, தாம் மீண்டும் மாணவராகும் வேறொரு துறைக்குச் செல்வார். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் புதிய இளைஞர்கள் இருந்தனர். அவர் சிகாகோவில் பாடம் சொல்லிய லீ, யாங் என்னும் சீன மாணவர் இருவர் 1957-லேயே நோபல் பரிசு பெற்றனர். ஆசிரியருக்கு அது 1983-ல்தான் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 73.

ஷேக்ஸ்பியரும் பீத்தோவனும் வயது ஏற ஏற உயர்ந்தபோது, விஞ்ஞானிகள் ஏன் பெரும்பாலும் அவ்வாறு உயர்வதில்லை என்று 1975-ல் ஒரு சொற்பொழிவில் சந்திரசேகரே ஆராய்ந்திருக்கிறார். ஒரு முறை வென்றவர், இயற்கையைக் காணத் தமக்குத் தனிக் கண் உண்டென்று நம்பத் தொடங்கிவிடுகிறார் என்பது வேறோரிடத்தில் அவர் சொன்ன காரணம். எடிங்டனின் நூற்றாண்டு விழா 1982-ல் கேம்பிரிட்ஜில் நிகழ்ந்தபோது சொற்பொழிவாற்ற அழைக்கப்பட்டவரும் சந்திரசேகர்தாம். அக்காலத்தின் தலைசிறந்த வானவியலார் என்றே எடிங்டனை அவர் அங்கே போற்றினார். 1935-ல் நடந்ததையும் மறைக்காமல் கூறினார்.

80 வயதுக்குப் பின் அவர் எடுத்துக்கொண்ட வேலை நியூட்டனின் பிரின்சிப்பியா. ஒவ்வொரு தேற்றத்தையும் படித்தவுடன் நூலை மூடிவிட்டு, தாமே ஒரு நிறுவலை எழுதிப் பார்ப்பார். பிறகு நியூட்டன் எழுதியதோடு ஒப்பிடுவார். பெரும்பாலும் நியூட்டனுடையதே சிறப்பாயிருந்தது என்று மகிழ்ச்சியோடு சொல்வார். அந்நூல் 1995-ல் வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், 84 வயதில், சிகாகோவில் அவர் காலமானார்.