நம் கையில் என்ன இருக்கிறது?

காலையில் கடை திறந்ததும் லாத்தூருக்கும் குல்பர்காவுக்கும் போன் போட்டு விலை கேட்பது பருப்பு வியாபாரிகளாகிய நமக்கு வழக்கம். அங்கே மழை தவறினால் இங்கே விலை ஏறும். 2015 அக்டோபரில் துவரம் பருப்பு சில்லறையில் கிலோ 200 ரூபாயைத் தொட்டது. இருப்புக்கு அரசாங்கம் உச்சவரம்பும் வைத்தது. அந்தச் சமயம் எங்களிடம் சரக்கெடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர், "நம்ம கையில என்ன இருக்கு அண்ணாச்சி, நேரம் சரியில்ல" என்று கல்லாவிலேயே சாய்ந்துவிட்டார். அதே தெருவில் இன்னொருவர் கால் கிலோ, நூறு கிராம் என்று பொட்டலம் போட்டு வைத்து, மைசூர் பருப்பை முன்வரிசைக்குக் கொண்டு வந்தார். இருவருக்கும் நாங்கள் போட்ட விலை ஒன்றுதான்.

மனித சுபாவத்தில் உள்ள இந்த வித்தியாசத்தை ஆராய்ந்தவர் ஜூலியன் ராட்டர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர். 1966ல் அவர் வெளியிட்ட கேள்வித்தாளில் 29 ஜோடி வாக்கியங்கள். நடப்பதற்கு நாமே காரணம் என்று ஒரு வாக்கியம் சொன்னால், அதிர்ஷ்டமோ மற்றவர்களோதான் காரணம் என்று அதன் ஜோடி சொல்லும். எது சரி என்று படுகிறதோ அதைக் குறிக்க வேண்டும். அவருடைய தகப்பனாரும் நம்மைப் போல வியாபாரிதான். 1929ல் தொடங்கிய பெரும் மந்தத்தில் அந்த வியாபாரம் நொடித்துப் போனது. ஆகவே சூழ்நிலை மனிதனை என்ன செய்யும் என்பதை வீட்டிலேயே பார்த்தவர் அவர்.

சுபாவம் என்று சொல்லி முதலாளிகளாகிய நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. லண்டனில் அரசு ஊழியர்கள் பத்தாயிரம் பேருக்கு மேல் 1985 முதல் ஆராய்ந்தார்கள். தம் வேலையைப் பற்றித் தாமே தீர்மானிக்க இடமில்லாதவர்களுக்கு இருதய நோய் அதிகம் வந்தது என்று 1997ல் முடிவு வெளியாயிற்று. பிளட் பிரஷர் முதலாளிக்குத்தான் வரும் என்று நாம் பேசிக்கொள்கிறோமே!

எங்கள் கடையில் சரக்குப் பார்க்க ஒருவர் 19 வருஷம் இருந்தார். பருப்பை ஒரு கை அள்ளினாலே ஈரம் எவ்வளவு, உடைசல் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். ஆனால் மூட்டைக்கு ஐந்து ரூபாய் குறைக்க வேண்டுமென்றாலும் எங்களைக் கேட்டாக வேண்டும். நாங்கள் கல்யாண வீட்டுப் பந்தியில் இருந்தாலும் போன் வரும். "இவருக்குச் சுயபுத்தியே கிடையாது" என்று வீட்டில் அலுத்துக்கொண்டதும் நாங்கள்தான். 2018 தை மாதம், கணக்கை முடித்துக் கொடுங்கள் என்று வந்து நின்றார். சம்பளம் போதவில்லையா என்று கேட்டோம்.

"சம்பளத்துக்குக் குறையில்ல முதலாளி. அஞ்சு ரூபா குறைக்க எனக்கு வாய் இல்ல. யாவாரிக எம் மொகத்தப் பாக்கிறதில்ல, உங்க நாற்காலியத்தான் பாக்காக."

எங்களுக்குப் பதில் வரவில்லை. இப்போது அவர் சிறியதாகச் சொந்தக் கடை போட்டிருக்கிறார். சரக்கு எங்களிடம்தான் எடுக்கிறார். பேரம் பேசுவதில் அவரை யாராலும் அசைக்க முடியவில்லை.

அவருக்குப் பின் வந்த பையனுக்கு, மூட்டைக்கு 30 ரூபாய் வரை குறைக்கவும் 20,000 ரூபாய் வரை கடன் கொடுக்கவும் அதிகாரம் கொடுத்தோம். முதல் வருஷமே 16,000 ரூபாய் பாக்கி ஒன்று முழுகிப் போயிற்று. பழையபடி நாமே பார்ப்போம் என்றார் எங்கள் தம்பி. இரண்டு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை சரியில்லை. இதற்குள் அந்தப் பையன், பழைய பாக்கி தீராமல் புதுச் சரக்கு இல்லை என்று எழுதிக் கிடங்குச் சுவரில் ஒட்டியிருந்தான். நாங்கள் சொல்லிச் செய்ததல்ல.

2020 மார்ச் ஊரடங்கில் மளிகைக்கு அனுமதி இருந்தது, வயதானவர்கள் வெளியே வர வேண்டாம் என்றார்கள். கடையை அவன்தான் நடத்தினான். எங்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு போன்தான் வந்தது. மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகவும் இருந்தது, ஒளிப்பானேன்.

லாத்தூருக்குப் போன் போடுவதை மட்டும் நாங்கள் இன்னும் விடவில்லை. அதையும் அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.