ஒரு மூலமும் பல ஒலிப்பதிப்புகளும்

கண்ணுக்கு முன்புறம் ஒன்றே உண்டு. செவிக்கோ எப்புறமும் முன்புறமே. உயிர்களை அறிவின் வழி வகுத்த தொல்காப்பியர், கண்ணறிவை நான்காவதாகவும் செவியறிவை ஐந்தாவதாகவும் வைத்தார். முதுகுக்குப் பின்னே நிகழ்வதைத் திரும்பாமலே அறியச் செவி உதவுகின்றது. ஆயினும், ஒலிப்பதிவுக் கலை தோன்றிய நாள்தொட்டு நெடுங்காலம் இசை முழுவதும் ஒரே குழல்வாயின் வழியாகவே வெளிப்பட்டது. 1931 ஆம் ஆண்டில் அலன் புளும்லைன் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர், இரு ஒலிபெருக்கிகளின் வழியே ஒலிக்கு இடமும் வலமும் காட்டும் ஈரொலி முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். கேட்போனைச் சுற்றி நாற்புறமும் ஒலி எழச்செய்யும் சூழொலி முறை அதன் வளர்ச்சியேயாகும்.

ஊவா மக்களின் செவிக்கு இவ்வுணர்ச்சி புதிதன்று. மாசித் திங்களில் தோட்டங்களில் நிகழும் காமன் கூத்தில், தப்பொலி ஒரு லயத்தின் கோடியில் எழுந்து, வாசல்தோறும் நகர்ந்து, மக்கள் சூழ்ந்து நிற்கும் களத்தை அடைகின்றது. பதுளை முத்தியங்கனை விகாரையின் பெரஹரா வீதியில் வரும்போது, முழவொலி ஒருபுறம் தோன்றி, நிற்போரைக் கடந்து, மறுபுறம் தேய்ந்து மறைகின்றது. இவ்விடங்களில் கேட்போன் இசைக்கு எதிரே இருப்பவன் அல்லன். அதன் நடுவே இருப்பவன். மேனாட்டு அரங்க மரபோ மேடையை எதிரே நிறுத்தியது. அம்மரபில் இரு ஒலிபெருக்கிகளுக்கென அமைந்த இசையை நாற்புறமும் பரப்பி மீண்டும் வெளியிடுதல் அதனை விளக்குவதாகுமா, சிதைப்பதாகுமா? இதனைத் தெளிவதற்குச் சிறந்த சான்றாக அமைவது, பிங் புளோயிட் என்னும் ஆங்கில றொக் இசைக்குழுவினர் 1973 மார்ச்சில் வெளியிட்ட ‘டார்க் சைட் ஒஃப் த மூன்’ (‘நிலவின் இருண்ட பக்கம்’) என்னும் இசைத்தட்டாகும்.

இவ்விசைத்தட்டு இலண்டன் அபே றோட் ஒலிப்பதிவுக்கூடத்தில் 1972 இலும் 1973 இன் தொடக்கத்திலும் உருவாயிற்று. காலம், பணம், மரணம், மனப்பிறழ்வு ஆகியன அதன் பொருள்கள். பதிவு செய்யப் பயன்பட்டது பதினாறு தடங்கள் கொண்ட ஒலிநாடா. முழவு ஒரு தடத்தில், குரல் ஒரு தடத்தில், கிற்றார் ஒரு தடத்தில் எனத் தனித்தனியே பதிந்து, பின்னர் எது எவ்வளவு, எப்புறம் ஒலிக்கவேண்டும் எனத் தீர்மானித்து ஒன்றாக்குவதே ஒலிக்கலவை எனப்படும். தடங்கள் மூலம், கலவை அதன் பதிப்பு. இவ்வேறுபாட்டை உணர்ந்தாலன்றிப் பின்வருவன விளங்கா.

நாற்புற ஒலி இக்குழுவினருக்குப் பின்னர் வந்து ஒட்டிய அணியன்று. 1967 மே மாதத்திலேயே இலண்டன் குயின் எலிசபெத் மண்டபத்தில், ஒலியை அரங்கின் மூலைகளுக்கு நகர்த்தும் கைப்பிடி கொண்ட கருவியொன்றை அவர்கள் கையாண்டனர். மேலும், ‘ரைம்’ (‘காலம்’) என்னும் பாடலின் முகப்பில் முழங்கும் கடிகார ஒலிகளை, ஒலிப்பதிவாளர் அலன் பார்சன்ஸ், நாற்புற ஒலியின் திறனைக் காட்டும் பொருட்டே பழங்கடிகாரக் கடையொன்றில் முன்னர்ப் பதிந்து வைத்திருந்தார். ஆகவே, மூலத்தினுள்ளேயே சூழொலிக்கான வித்து இருந்தது எனலாம்.

முதற் சூழொலிப் பதிப்பு 1973 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அதனைக் கலந்தவர் பார்சன்ஸ். நான்கு ஒலிபெருக்கிகளையும் சமமான நான்கு மூலைகளாக அவர் கொண்டார். கடிகாரங்கள் மூலைக்கு மூலை விழித்தெழுகின்றன. ஆனால், அந்நாளைய இசைத்தட்டின் வரிப்பள்ளம் இரு ஒலிவழிகளையே தாங்கவல்லது. நான்கையும் இரண்டினுள் மடித்துப் பதிந்து, வீட்டிலுள்ள கருவியால் மீண்டும் விரிக்க வேண்டியிருந்தது. விரிக்கும்போது முன்னொலி பின்னே கசிந்தது. பின்னொலி முன்னே கசிந்தது. பதிப்பு நன்று, தாங்கிய ஏடு பழுது. எனவே அம்முயற்சியின் முழுப்பயனைப் பெற்றோர் சிலரே.

முப்பது ஆண்டுகள் கழித்து, 2003 இல் ஜேம்ஸ் கத்றி இரண்டாம் சூழொலிப் பதிப்பை ஆக்கினார். முன்னே மூன்று, பின்னே இரண்டு என ஐந்து ஒலிபெருக்கிகளும், ஆழ்ந்த தாழொலிக்கென ஒரு தனிவழியும் கொண்ட முறை அது. இங்கே அவர் ஆற்றிய பணி சுவடிப் பதிப்பாசிரியர் பணியை ஒத்தது. முதற்பதிவின்போது பதினாறு தடங்களும் நிரம்பவே, பல தடங்களை ஒன்றாக்கி வேறொரு நாடாவுக்கு மாற்றியிருந்தனர். படியெடுக்குந்தோறும் நாடாவின் இரைச்சல் கூடும், நுண்மை குறையும். ஏடு பெயர்த்தெழுதுவோர் கைமாறக் கைமாறப் பிழை மலிவது போன்றது இது. கத்றி, படியினை விடுத்து முதல் நாடாக்களுக்கே சென்று, அவற்றை ஒருங்கிசைத்துக் கலந்தார். அதனால் மங்கியிருந்த ஒலிகள் துலங்கின.

2011 இல் வெளிவந்த பேழையொன்று, பழைய ஈரொலிக் கலவை, பார்சன்ஸ் கலவை, கத்றி கலவை ஆகிய மூன்றையும் ஒருங்கே தந்தது. பார்சன்ஸின் நான்கு ஒலிவழிகளும் கசிவின்றித் தனித்தனியே வட்டில் அமைந்தமையால், அவரது நோக்கம் அப்போதுதான் பலருக்கும் தெளிவாயிற்று. 2023 இல், ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, கத்றியே டொல்பி அற்மொஸ் முறையில் மற்றொரு பதிப்பை வெளியிட்டார். இம்முறை தலைக்கு மேலும் ஒலிக்கு இடம் வகுக்கின்றது.

இப்பதிப்புகளுள் சிறந்தது யாது? ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கை அளவுகோலாகாது. ஒலி சூழ்வதால் பாட்டின் பொருள் துலங்குகின்றதா என்பதே அளவுகோல். கடிகாரங்கள் நாற்புறமும் முழங்கும்போது, காலம் மனிதனைத் தப்பவொட்டாது வளைத்துக்கொள்ளும் உண்மை செவிவழியே உணர்த்தப்படுகின்றது. இங்கே சூழொலி பொருளோடு ஒன்றியது. ‘மணி’ (‘பணம்’) என்னும் பாடல், மிசிரசாபு தாளத்தைப் போன்று ஏழு எண்ணிக்கையில் நடப்பது. நாணயம் சிந்துதலும் தாள் கிழிதலும் அதன் முகப்பில் தாளமாகின்றன. பார்சன்ஸ் இவற்றை மூலைதோறும் சுழலவிடுவது, பணம் கைக்குக் கை மாறும் இயல்பையே காட்டுகின்றது. ஆனால் கிளேர் ரொறி என்னும் பாடகி, சொல்லின்றி ஆலாபனை போல் பாடும் பகுதி அத்தகையதன்று. மரணத்தின் முன் நிற்கும் ஓர் உயிரின் கதறல் அது. அக்குரல் ஓரிடத்தே நிலைத்து நிற்க, ஏனைய இசை சூழ்தலே தகும். குரலைச் சுழற்றின் கதறல் வித்தையாகிவிடும். இந்நெறியில் நோக்கின், துணிவில் பார்சன்ஸும் அடக்கத்தில் கத்றியும் மேம்படுவர். உயரம் சேர்ந்த மூன்றாம் பதிப்போ இடவிரிவு தருவதேயன்றிப் புதுப்பொருள் மிகுதியும் தருவதன்று.

எனினும், ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளுதல் வேண்டா. திருக்குறளுக்கு உரை கண்டோர் பதின்மர் என்பது மரபு. மணக்குடவரும் பரிமேலழகரும் பொருளில் மட்டுமன்றி, அதிகாரத்துள் குறட்பாக்களை வைக்கும் முறையிலும் வேறுபடுவர். பரிமேலழகர் சிறந்தார் என்பதற்காக மணக்குடவர் உரையை எவரும் எறிந்துவிடவில்லை. மூலம் பிழைத்திருந்தமையாலேயே பல உரைகள் எழுந்தன. அங்ஙனமே, தடங்கள் பிழைத்திருந்தமையாலேயே ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் இவ்விசைத்தட்டுப் புதுப்பதிப்புக் காண்கின்றது. இதுவே இவ்வொப்பீடு கற்பிக்கும் தலையாய பாடம்.

இப்பாடம் ஊவாவுக்கு மிகவும் வேண்டுவது. பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் அப்புத்தளையிலும், தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்துமலைப் பாட்டும் முதியோர் நினைவிலேயே வாழ்கின்றன. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலைநாட்டு மக்கள் பாடல்களின் சொற்களைத் தொகுத்து அளித்தனர். சொல் ஏட்டில் நின்றது. குரலும் தப்பின் நடையும் ஏட்டில் அடங்கா. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. ஓர் ஊர் அழியும்போது அதன் பாட்டும் உடன் அழியும். மூலமே இல்லாதவிடத்து எக்கருவியும் பதிப்புச் செய்யவியலாது.

இதற்குப் பெரிய கூடம் வேண்டுவதில்லை. காமன் கூத்து நிகழும் களத்தில், தப்பின் அருகே ஒன்று, பாடுவோர் அருகே ஒன்று, சூழ்ந்து நிற்போரிடையே ஒன்று என மூன்று கைத்தொலைபேசிகளை வைத்துப் பதிந்தால் அவையே மூன்று தடங்களாம். தொடக்கத்தில் ஒருமுறை உரக்கக் கைதட்டினால், அவ்வொலியை அடையாளமாகக் கொண்டு மூன்றையும் பின்னர் ஒருங்கிசைக்கலாம். பாடியவர் இசைவு பெற்று, பெயர், தோட்டம், நாள் ஆகியவற்றை உடன் குறித்தல் வேண்டும். பதிந்ததைச் சுருக்காமலும் திருத்தாமலும் ஈரிடங்களில் காத்தல் வேண்டும். மாணவர் விடுமுறைக்குத் தம் தோட்டம் செல்லும்போது இதனைச் செய்யலாம். ஆசிரியர் அவற்றைக் கல்லூரி நூலகத்தில் சேர்த்து வைக்கலாம்.

பிரட்டுக்களத்தில் ஒலித்த தப்பை, அதன் நடுவே நின்றாற்போல் கேட்கும் பேறு பின்வருவோர்க்கு வாய்க்குமா என்பது, எதிர்காலக் கருவிகளைப் பொறுத்ததன்று. பாடுவோர் வாழும் இந்நாளில் அவர் குரலைத் தனித்தடத்தில் பதிந்து காப்போரைப் பொறுத்தது.