கடலுக்கு முதலில், ஆற்றுக்குக் கடைசியில்: இந்திய மாலுமிப் பயிற்சி வளர்ந்த வழி

இந்திய உள்நாட்டு நீர்வழி ஆணையம் பாட்னாவில் கங்கைக் கரையையொட்டி நடத்திவரும் தேசிய உள்நாட்டு நீர்வழிப் பயிற்சி நிறுவனம் 2004-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. கடற்கப்பல்களுக்கு இந்திய அதிகாரிகளை உருவாக்கும் அரசுப் பயிற்சியோ 1927-இலேயே பம்பாயில் தொடங்கிவிட்டது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையே முக்கால் நூற்றாண்டுக்கு மேல் காலம் கழிந்திருப்பது, நீர்மேல் உழைப்பவர்களுள் யாருக்குப் பயிற்சி வேண்டும் என்று அரசு கருதியது, யாரைத் தம் அனுபவத்தாலேயே பிழைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் கடலில் உழைக்கும் இந்தியருக்குப் பஞ்சமே இருந்ததில்லை. முதல் உலகப் போர் தொடங்கிய 1914-ஆம் ஆண்டில் பிரித்தானியக் கப்பல்களில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் லஸ்கர்கள், அதாவது குறைந்த கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆசிய மாலுமிகள், பணியாற்றினர். ஆனால் கப்பலைச் செலுத்தும் அதிகாரியாகவோ பொறியாளராகவோ உயர்வதற்கான பயிற்சி அவர்களுக்குத் திறந்துவிடப்படவில்லை. 1906-இல் வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தை உருவாக்கியபோதும், 1919-இல் சிந்தியா நிறுவனம் தன் முதற்கப்பலை லண்டனுக்கு அனுப்பியபோதும், கப்பல் இந்தியருடையதாக இருந்தாலும் அதைச் செலுத்தும் தகுதி பெற்ற இந்தியர்களை உருவாக்க நாட்டில் ஒரு பள்ளிகூட இல்லாத நிலையே நீடித்தது. தமிழகத்தைச் சேர்ந்த சட்ட அறிஞர் பி.எஸ். சிவசாமி ஐயர் 1922-இல் மத்திய சட்டமன்றத்தில் இக்குறையைத் தீர்மானமாகக் கொண்டுவந்தார். அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட இந்திய வணிகக் கப்பற்படைக் குழுவின் பரிந்துரைகளுள் பெரும்பாலானவை கிடப்பில் போடப்பட்டபோதிலும், ஒன்று மட்டும் நிறைவேறியது. பழைய படைவீரர் போக்குவரத்துக் கப்பலான ‘டஃபரின்’ பம்பாய்த் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டு, 1927-இல் பயிற்சிக் கப்பலாக மாறியது. 1972-இல் அதன் இடத்தை ‘ராஜேந்திரா’வும், 1993-இல் நவி மும்பையில் கரைமீது அமைந்த ‘சாணக்யா’வும் ஏற்றன.

விடுதலைக்குப் பின் 1948-இல் பம்பாயில் கடல்சார் கல்லூரியும், 1949-இல் கப்பற்பொறியாளர்களுக்கான பயிற்சி இயக்ககமும் ஏற்பட்டன. அதிகாரி நிலைக்குக் கீழே கயிறு கட்டுதல், சுக்கான் பிடித்தல், எந்திர அறைப் பணி போன்றவற்றைச் செய்யும் ‘ரேட்டிங்’ எனப்படும் பணியாளர்களுக்காக ‘பத்ரா’, ‘மேகலா’, ‘நௌலக்ஷி’ ஆகிய பயிற்சிக் கப்பல்கள் முறையே கல்கத்தாவிலும் விசாகப்பட்டினத்திலும் குஜராத்தின் நவலக்கியிலும் இயங்கின. சிதறிக் கிடந்த அரசுக் கல்வி நிலையங்களை ஒரே குடையின்கீழ்க் கொண்டுவந்த இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் 2008-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானது.

கடற்பயிற்சி இவ்வளவு சீராக வளர்ந்ததற்கு நாட்டின் ஆர்வம் மட்டுமே காரணமன்று. வெளியிலிருந்து வந்த கட்டாயமும் காரணம். மாலுமிகளின் பயிற்சி, சான்றிதழ், கப்பலை முறைவைத்துக் கண்காணிக்கும் காவற்பணி ஆகியவற்றின் குறைந்தபட்சத் தரங்களை வகுக்கும் பன்னாட்டு உடன்படிக்கை 1978-இல் உருவாகி 1984-இல் நடைமுறைக்கு வந்தது. 1995-இலும் 2010-இலும் பெருமளவில் திருத்தப்பட்டது. இதன்படி, கப்பலில் கடமை ஏற்கும் ஒருவர் கடலில் உயிர்பிழைத்தல், தீயணைப்பு, முதலுதவி, தன்பாதுகாப்பும் சமூகப் பொறுப்பும் என்னும் நான்கு அடிப்படைகளைக் கற்றிருக்க வேண்டும். உரிய சான்றிதழ் இல்லாத பணியாளர்களோடு வரும் கப்பலை எந்த நாட்டுத் துறைமுகமும் தடுத்து வைக்கலாம் என்பதால், பயிற்சியில் செய்யும் சிக்கனம் கப்பல் உரிமையாளருக்கு உடனடி நட்டமாக முடிகிறது. தன் நாட்டு எல்லைக்குள்ளேயே ஓடும் ஆற்றுப் படகை அப்படித் தடுத்து நிறுத்தும் அயல்நாட்டுத் துறைமுகம் ஏதுமில்லை. ஆற்றுத் தொழிலாளர் கடைசியில் நின்றதற்கு இதைவிட வலுவான காரணம் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆற்றில் கலம் செலுத்துவது கடற்பணியின் எளிய வடிவம் என்னும் எண்ணமும் அந்தப் புறக்கணிப்புக்குத் துணைபோயிற்று. அது தவறான எண்ணம். ஆழ்கடலில் கப்பலுக்கு அடியில் நீர் இருக்கிறதா என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. கங்கையிலோ அதுவே ஒவ்வொரு மணி நேரத்தின் கேள்வி. மழைக்கால வெள்ளம் வடிந்ததும் மணல் இடம்பெயர்ந்து, சென்ற ஆண்டு கலங்கள் சென்ற தடம் இந்த ஆண்டு மணல்திட்டாகிவிடுகிறது. மூங்கில் தட்டிகளை ஓட்டத்துக்குச் சாய்வாக நட்டு, நீரை ஒரு தடத்துக்குள் ஒடுக்கி, அந்த நீரின் வேகத்தாலேயே அடிமணலை அரித்து ஆழப்படுத்தும் ‘பண்டல்’ என்னும் முறை இன்றும் அங்கே கையாளப்படுகிறது. ஆழம் குறைந்த இடத்தில் கலம் வேகமாகச் சென்றால், அடிப்பகுதிக்கும் ஆற்றுப்படுகைக்கும் இடையிலுள்ள நீர் நெருக்கப்பட்டு விரைந்தோடுவதால் அங்கே அழுத்தம் குறைந்து, கலம் மேலும் கீழே அமிழ்கிறது. இந்த அமிழ்வு ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கேற்பக் கூடுகிறது. எனவே வேகத்தைப் பாதியாக்கினால் அமிழ்வு கால்பங்காகிவிடும். ஓட்டத்தோடு கீழ்நோக்கி வரும் கலத்தை எதிர்த்து ஏறும் கலத்தைப் போல எளிதில் நிறுத்த முடியாது. வெள்ளக் காலத்தில் பாலங்களின் கீழ் உள்ள உயர இடைவெளியும் சுருங்கிவிடும். தலைமுறை தலைமுறையாக ஆற்றில் வாழ்ந்தவர்கள் இவற்றுள் பலவற்றைக் கண்ணாலும் கையாலும் அறிந்தே இருக்கிறார்கள். ஆயினும் பழகிய ஒரு சிறு படகில் பெற்ற அறிவு, ஆயிரம் டன்னுக்கு மேல் சுமக்கும் எந்திரக் கலத்துக்குத் தானாகப் பொருந்திவிடுவதில்லை.

பயணிகள் படகுகளில் இந்த இடைவெளி உயிர்களையே விலையாகக் கேட்கிறது. தேக்கடியில் 2009-இல் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேரும், தானூரில் 2023 மே மாதத்தில் மற்றொரு படகு கவிழ்ந்து 22 பேரும் மாண்டனர். இரண்டு அடுக்குகள் கொண்ட படகில் மேலடுக்கில் கூட்டம் சேரச் சேரப் படகின் எடைமையம் உயர்கிறது. அந்நிலையில் பலர் ஒரே பக்கம் நகர்ந்தால் படகு மீண்டும் நிமிர்வதற்கான ஆற்றலை இழக்கிறது. இந்தக் கணக்கை அறிந்து, கூட்டத்தைப் பார்த்து ‘இதற்குமேல் ஏற்ற மாட்டேன்’ என்று முதலாளியிடம் மறுத்துச் சொல்லும் துணிவைப் படகோட்டிக்குத் தருவதில் முறையான பயிற்சிக்கும், அதன் அடிப்படையில் பெற்ற சான்றிதழுக்கும் பெரும் பங்குண்டு.

சான்றிதழ் முறை ஆற்றுக்குப் புதியதன்று. 1917-ஆம் ஆண்டுச் சட்டமே உள்நாட்டுக் கலங்களின் மாஸ்டர், அவருக்குக் கீழ்நிலையில் சிறு கலங்களுக்குத் தலைமையேற்கும் சாரங்கு, எந்திரத்தை இயக்கும் எஞ்சின் டிரைவர் ஆகியோர் தேர்வெழுதித் தகுதி பெற வழிசெய்திருந்தது. ஆனால் நடைமுறை மாநில அரசுகளின் கையில் இருந்ததால் தேர்வும் தரமும் இடத்துக்கு இடம் வேறுபட்டன. நாடு முழுவதற்கும் பொதுவான தகுதிகளை வகுப்பதற்கு 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வரவேண்டியிருந்தது. இடையில், 2016-இல் தேசிய நீர்வழிகளின் எண்ணிக்கை 111-ஆக உயர்த்தப்பட்டது. 2013-14-இல் ஏறத்தாழ 1.8 கோடி டன்னாக இருந்த உள்நாட்டு நீர்வழிச் சரக்கு 2024-25-இல் 14.5 கோடி டன்னைத் தாண்டியது. சரக்கு வளர்ந்த வேகத்துக்கு ஈடாகக் கலம் செலுத்தும் கைகளைத் தயார்செய்யும் இடங்கள் பெருகவில்லை.

இனி வேண்டியவற்றுள் கட்டடம் முதன்மையானதன்று. எந்தக் கடல்சார் பயிற்சியும் வகுப்பறையோடு முடிவதில்லை. பன்னாட்டு விதிகளின்படி, காவற்பொறுப்பேற்கும் இளநிலை அதிகாரி ஏற்கப்பட்ட பயிற்சித் திட்டத்தின் பகுதியாகக் குறைந்தது பன்னிரண்டு மாதங்களையும், பள்ளிப் பயிற்சி பெற்ற ரேட்டிங் குறைந்தது இரண்டு மாதங்களையும் கடலில் கழிக்க வேண்டும். இதற்கான கப்பல் இடம் கிடைக்காமல் படிப்பை முடித்தும் கரையிலேயே காத்திருக்கும் இளைஞர்களிடம், வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி முகவர்கள் சிலர் பெருந்தொகை பறிப்பது கொடிய அநீதி. ஆற்றுப் பயிற்சியில் அதே நிலை நேராமலிருக்க, மாணவரைச் சேர்க்கும்போதே அவருக்கான கலத்தையும் உறுதிசெய்ய வேண்டும். அரசு ஒப்பந்தம் பெறும் கல உரிமையாளர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பயிற்சியாளர்களை ஏற்க வேண்டும் என்று விதிப்பது இதற்கு நேரான வழி.

அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாத மூத்த படகோட்டிகளைத் தேர்வெழுத முடியாதவர்கள் என்று ஒதுக்குவதும் தகாது. வாய்மொழித் தேர்வையும் கலத்தின்மீதே நடத்தும் செய்முறைத் தேர்வையும் இந்தி, வங்காளம், அசாமியம், மலையாளம் ஆகிய மொழிகளில் நடத்தினால், அவர்களுள் பலர் மாணவர்களாக மட்டுமன்றிப் பயிற்றுநர்களாகவும் விளங்க முடியும். ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் இயற்றி 2022 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய ஆணை, ஆற்றுப் பணியாளர் எந்தெந்தப் பணியைச் செய்துகாட்ட வல்லவர் என்பதையே தகுதியின் அளவுகோலாகக் கொண்டு, ஒரு நாட்டின் சான்றிதழை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்கச் செய்திருக்கிறது. அந்த அளவுகோலை இங்கும் கையாள்வதற்குப் பாட்னா நிறுவனமே பொருத்தமான இடம். ஆனால் 111 நீர்வழிகளுக்கு ஒரு பாட்னா போதாது என்பதால், பிரம்மபுத்திராவின் கரையிலும் கேரளக் காயல்களின் ஓரத்திலும் அதே தரத்தில், அதே தேர்வுமுறையோடு இயங்கும் கிளைகள் அமைய வேண்டும்.