அமெரிக்காவில் சிறு ஏ.எம். வானொலி நிலையங்கள் நிரந்தரமாக மூடப்படுதல்

ஏ.எம். வானொலி என்பது வீச்சுப் பண்பேற்ற முறையில், பெரும்பாலும் மத்திய அலையில் நடைபெறும் ஒலிபரப்பாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1990-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 5,000 ஏ.எம். நிலையங்கள் உரிமம் பெற்று இயங்கின. 2024-ஆம் ஆண்டின் முடிவில் அந்த எண்ணிக்கை 4,500-க்கும் கீழே இறங்கிவிட்டது. பெருநகரங்களின் பெரிய நிலையங்கள் பல இன்றும் இலாபத்துடன் இயங்க, சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் உள்ள குறைந்த ஆற்றல் கொண்ட நிலையங்கள் ஒவ்வொன்றாக உரிமத்தைத் திருப்பிக் கொடுத்து வருகின்றன.

கேட்போர் குறைந்ததே இதற்கு ஒரே காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. கேட்போர் குறைவு நிலையத்தை நலிவடையச் செய்கிறது என்பது உண்மையே. ஆனால் நலிந்த நிலையம் மீண்டும் எழ முடியாதபடி மூடப்படுவதற்குக் கோபுரம், நிலம், உரிமச் சட்டம் ஆகிய மூன்றும் பெரும் பங்கு வகிக்கின்றன.

பின்னணி

1920 நவம்பர் 2 அன்று பிட்சுபர்க் நகரின் கே.டி.கே.ஏ. நிலையம் குடியரசுத் தலைவர் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. அமெரிக்க வணிக வானொலியின் தொடக்கமாக இது பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு வானொலி என்றாலே ஏ.எம். என்ற நிலை இருந்தது. 1970-களின் பிற்பகுதியில் பண்பலை எனப்படும் எஃப்.எம். ஒலிபரப்பு, கேட்போர் எண்ணிக்கையில் ஏ.எம்.-ஐ முந்தியது. இசையைத் தெளிவாகவும் இரட்டை ஒலித்தடத்திலும் கேட்க விரும்பியவர்கள் எஃப்.எம். பக்கம் நகர்ந்தனர்.

ஏ.எம்.-இலும் இரட்டை ஒலித்தடத்தைக் கொண்டுவர முயற்சி நடந்தது. போட்டியிட்ட பல முறைகளில் எதை ஏற்பது என்பதை 1982-இல் சந்தையே முடிவு செய்யட்டும் என்று கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் விட்டுவிட்டது. ஒரே முறையை அது தரமாக அறிவித்தது 1993-இல்தான். அதற்குள் இசை ஏ.எம்.-ஐ விட்டுப் பெரும்பாலும் வெளியேறிவிட்டது. எஞ்சியவை பேச்சு நிகழ்ச்சிகள், செய்தி, விளையாட்டு வருணனை, சமய நிகழ்ச்சிகள், புலம்பெயர்ந்தோர் மொழிகளிலான ஒலிபரப்பு ஆகியவை.

தொழில்நுட்பக் காரணங்கள்

ஏ.எம். முறையில் செய்தி, அலையின் வீச்சில் ஏற்றப்படுகிறது. மின்னலும் மின்கருவிகளும் உண்டாக்கும் இரைச்சலும் வீச்சு மாற்றமாகவே வந்து சேர்வதால், வானொலிப் பெட்டியால் இரண்டையும் எளிதில் பிரித்தறிய முடிவதில்லை. தரமற்ற எல்.இ.டி. விளக்குகள், கைப்பேசி மின்னேற்றிகள், கணினி மின்வழங்கிகள் ஆகியவை பெருகியபின் வீடுகளில் இந்த இரைச்சல் அதிகரித்துள்ளது. 50 கிலோவாட் ஆற்றல் கொண்ட பெரிய நிலையம் இதை ஓரளவு மீறி ஒலிக்கும். 250 வாட் அல்லது 1 கிலோவாட்டில் இயங்கும் சிறு நிலையத்தின் எல்லையோ ஆண்டுதோறும் சுருங்குகிறது.

இரண்டாவது சிக்கல் இரவு. பகலில் மத்திய அலை தரையை ஒட்டிப் பரவுகிறது. மேலே செல்லும் அலையை அயனி மண்டலத்தின் கீழடுக்கு உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு மறைய, மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் பல நூறு கிலோமீட்டர் தொலைவு செல்கின்றன. தொலைவிலுள்ள நிலையங்களுக்கு இடையூறு ஏற்படாமலிருக்க, சிறு நிலையங்கள் பல இரவில் ஆற்றலை மிகவும் குறைக்க வேண்டும் அல்லது ஒலிபரப்பையே நிறுத்த வேண்டும். குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கே இருட்டிவிடும் ஊர்களில், மக்கள் வேலை முடிந்து காரில் வீடு திரும்பும் நேரத்தில் நிலையம் அடங்கிவிடுகிறது. விளம்பரதாரர் அதிகம் விரும்பும் நேரங்களில் அதுவும் ஒன்று.

கோபுரமும் நிலமும்

எஃப்.எம். நிலையத்தின் அலைவாங்கி சிறியது. உயரமான கட்டடத்திலோ வாடகைக் கோபுரத்திலோ அதைப் பொருத்திவிடலாம். ஏ.எம். நிலையத்தில் கோபுரம் முழுவதுமே மின்னோட்டம் பாயும் அலைவாங்கியாகச் செயல்படுகிறது. அதன் உயரம் அலைநீளத்தைப் பொறுத்தது. 1,000 கிலோஹெர்ட்சில் அலைநீளம் 300 மீட்டர். வழக்கமான கால் அலைநீளக் கோபுரத்தின் உயரம் 75 மீட்டர். அதன் அடியிலிருந்து எல்லாத் திசைகளிலும் பொதுவாக 120 செப்புக் கம்பிகள் அதே நீளத்திற்கு மண்ணில் புதைக்கப்படுகின்றன. இந்த வட்டம் மட்டுமே ஏறத்தாழ 4.4 ஏக்கர் வரும். 600 கிலோஹெர்ட்சில் இதே கணக்கு 12 ஏக்கராகிறது. குறிப்பிட்ட திசையில் மட்டும் அலையைச் செலுத்த வேண்டிய நிலையத்திற்குப் பல கோபுரங்களும் இன்னும் அதிக நிலமும் தேவை.

இக்கோபுரங்கள் நிறுவப்பட்டபோது ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைத்த நிலம், நகரம் வளர்ந்தபின் வீட்டுமனையாக விலைபோகிறது. வாசிங்டனை அடுத்த பெத்தெசுடாவில் பெரிய ஏ.எம். நிலையம் ஒன்றின் கோபுரங்கள் நின்ற 75 ஏக்கர் நிலம், வீடுகள் கட்டுவதற்காக 7 கோடி டாலருக்கும் மேல் விற்கப்பட்டு, 2020 நவம்பரில் கோபுரங்கள் வீழ்த்தப்பட்டன. பெரிய நிறுவனம் வேறு நிலையத்தின் கோபுர வளாகத்திற்கு மாறிக்கொள்ள முடியும். சிறு நிலையத்தின் உரிமையாளருக்கு அவ்வாறு மாறும் செலவு, நிலையத்தின் விலையையே தாண்டிவிடும். நிலத்தை விற்றுவிட்டு ஒலிபரப்பை நிறுத்துவதே அவருக்கு இலாபகரமாக அமைகிறது. நிலம் குத்தகை என்றால், குத்தகை முடியும் நாளே நிலையத்தின் கடைசி நாளாகிவிடக்கூடும்.

பராமரிப்பும் எளிதன்று. 200 அடிக்கு மேற்பட்ட கோபுரங்களுக்கு வான்போக்குவரத்துப் பாதுகாப்பிற்காக வண்ணமும் விளக்கும் பொதுவாகத் தேவை. மின்னோட்டம் பாயும் அடிப்பகுதியைச் சுற்றி வேலி அமைக்க வேண்டும். புதைக்கப்பட்ட செப்புக் கம்பிகள் திருட்டுக்கு உள்ளாகின்றன. இவற்றைச் சீர்செய்யத் தெரிந்த பொறியாளர்கள் பலர் ஓய்வுபெறும் வயதை எட்டிவிட்டனர்.

பொருளாதாரக் காரணங்கள்

சிறு நிலையத்தின் வருவாய், ஊரிலுள்ள மளிகைக்கடை, கார் விற்பனையகம், இறுதிச்சடங்கு நிலையம், வங்கிக் கிளை போன்றவற்றின் விளம்பரங்களிலிருந்து வந்தது. உள்ளூர்க் கடைகளின் இடத்தைப் பெருந்தொடர் அங்காடிகள் பிடித்தபோது, விளம்பர முடிவுகள் ஊரை விட்டு வெளியே எடுக்கப்படலாயின. 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், நாடு முழுவதும் ஒரு நிறுவனம் எத்தனை வானொலி நிலையங்கள் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை நீக்கியது. நூற்றுக்கணக்கான நிலையங்களைக் கொண்ட நிறுவனங்கள் குறைந்த விலையில் விளம்பர நேரம் தரத் தொடங்கின. பின்னர் இணையம் மீதியையும் ஈர்த்துக்கொண்டது. மின்கட்டணம், இசை உரிமத்தொகை, ஆணையத்திற்கான ஆண்டுக் கட்டணம் ஆகியவையோ குறையவில்லை. குடும்ப நிலையங்களில் மூத்த உரிமையாளர் இறந்தபின் பொறுப்பேற்க ஆள் இல்லாமல் போவதும் உண்டு.

மௌனத்திலிருந்து நிரந்தர மூடல் வரை

ஒலிபரப்பு தடைபட்டால் நிலையம் 10 நாள்களுக்குள் ஆணையத்திற்கு அறிவிக்க வேண்டும். 30 நாள்களுக்கு மேல் நீடித்தால் தற்காலிக அனுமதி பெற வேண்டும். தொடர்ந்து 12 மாதம் ஒலிபரப்பு இல்லையெனில் உரிமம் தானாகவே காலாவதியாகும். இவ்விதி 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. நியாயம் கருதி விலக்கு அளிக்கும் அதிகாரம் ஆணையத்திற்குப் பின்னர் தரப்பட்டாலும், அது அரிதாகவே பயன்படுத்தப்படுகிறது.

புயலில் கோபுரம் விழுந்த பெரிய நிலையம் காப்பீட்டுத் தொகையில் சில மாதங்களில் மீண்டுவிடும். காப்பீடு இல்லாத சிறு நிலையத்திற்கு நிதி திரட்டவும், திட்ட அனுமதி பெறவும், வேலையை முடிக்கவும் ஓராண்டு போதாமல் போகலாம். உரிமம் போனபின் அந்த அலைவரிசை நிலையத்திற்கு உரியதன்று. புதிய ஏ.எம். உரிமத்திற்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு மிக அரிதாகவே திறக்கப்படுவதால், திரும்பி வருவது ஏறக்குறைய இயலாததாகிவிடுகிறது.

மீட்பு முயற்சிகள்

2009 முதல் ஏ.எம். நிலையங்கள் தம் நிகழ்ச்சியைக் குறைந்த ஆற்றல் கொண்ட எஃப்.எம். மறு ஒலிபரப்பி வழியாகவும் வழங்க அனுமதிக்கப்பட்டன. 2015-இல் இவ்வாய்ப்பு விரிவாக்கப்பட்டது. பல சிறு நிலையங்கள் இதனால் உயிர்பிழைத்தன. அவற்றின் கேட்போர் பெரும்பாலும் எஃப்.எம்.-இலேயே கேட்கின்றனர். ஆயினும் மறு ஒலிபரப்பிக்குத் தனித்து இயங்கும் உரிமை இல்லை. 2024 பிப்ரவரியில் அலபாமா மாநிலத்தின் சாசுபர் நகரிலுள்ள ஒரு நிலையம், தன் 200 அடிக் கோபுரம் திருடப்பட்டுவிட்டதாக அறிவித்தது. ஏ.எம். ஒலிபரப்பு நின்றதால் அதன் எஃப்.எம். ஒலிபரப்பையும் நிறுத்த நேர்ந்தது.

2020-இல் முழு எண்ணிம முறையில் ஒலிபரப்ப ஆணையம் அனுமதி அளித்தது. பழைய வானொலிப் பெட்டிகளால் அதைக் கேட்க முடியாது என்பதால் மிகச் சில நிலையங்களே மாறின. மின்காரின் இயக்கி உண்டாக்கும் இரைச்சலைக் காரணம் காட்டிச் சில கார் நிறுவனங்கள் ஏ.எம். வசதியை நீக்கியதையடுத்து, எல்லாப் புதிய வாகனங்களிலும் அது இருக்க வேண்டும் என்ற சட்டமுன்வரைவு 2023-இல் அமெரிக்கக் காங்கிரசில் முன்வைக்கப்பட்டது. இது கேட்கும் கருவியைக் காக்கும். கோபுரத்தின் செலவைக் குறைக்காது.

விளைவுகள்

தேசிய அவசர எச்சரிக்கைகள் 77 முதன்மை நிலையங்கள் வழியே மக்களைச் சென்றடைய ஏற்பாடு உள்ளது. அவற்றில் பல, ஆற்றல் மிக்க ஏ.எம். நிலையங்கள். எனவே சிறு நிலையம் மூடப்படுவதால் தேசிய எச்சரிக்கை அமைப்பு குலைந்துவிடுவதில்லை. எந்தச் சாலையில் வெள்ளம் வந்தது, எந்தப் பள்ளிக்கு விடுமுறை, ஊரில் யார் இறந்தார் என்பன போன்ற செய்திகளே இல்லாமல் போகின்றன. நாளிதழும் நின்றுவிட்ட ஊர்களில் இவ்விழப்பு இன்னும் பெரிது.

சிறுபான்மையினரின் குரலுக்கும் ஏ.எம். இடமளித்துள்ளது. கறுப்பினத்தவருக்குச் சொந்தமான முதல் அமெரிக்க வானொலி நிலையமான அட்லாண்டாவின் டபிள்யூ.இ.ஆர்.டி. 1949-இல் ஏ.எம்.-இலேயே ஒலித்தது. பெரிய நகரங்களில் எஃப்.எம். உரிமம் வாங்க இயலாத மொழிக் குழுக்களுக்கு மலிவான ஏ.எம். நிலையமே இன்றும் நுழைவாயிலாக உள்ளது.

இந்தியாவில் தனியார் வானொலிக்கு எஃப்.எம். மட்டுமே அனுமதிக்கப்பட்டுள்ளது. மத்திய அலை ஒலிபரப்பு பொதுத்துறையான ஆகாசவாணியிடம் இருப்பதால், அதன் ஒலிபரப்பிகள் நிறுத்தப்படுவது அரசின் கொள்கை முடிவு. அமெரிக்காவில் அத்தகைய ஒரே முடிவு எடுக்கப்படவில்லை. ஒவ்வொரு நிலையமும் தன் மின்கட்டணத்தையும் நிலத்தின் விலையையும் கணக்கிட்டுப் பார்த்துத் தனித்தனியாக மூடப்படுகிறது.