நேராகப் போ, குட்டிக் காரே!

குழந்தைகளே! ரிமோட் கார் ஓட்டப் பிடிக்காதவர்கள் உங்களில் யாராவது உண்டா? விசையை அமுக்கியதும் 'விர்'ரென்று சீறிப் பாய்கிறது. ஆனால், நேராகப் போகச் சொன்னால் சுவர்ப் பக்கம் இழுக்கிறது. இடது பக்கம் சட்டென்று திரும்புகிறது. வலது பக்கம் திரும்பவோ ஒரு மைதானமே வேண்டியிருக்கிறது!

உடனே, "மோட்டார் போச்சு, புதுசு வாங்கணும்" என்று அப்பாவிடம் போய் நிற்காதீர்கள். பல நேரங்களில் கோளாறு மிகச் சின்னதாக இருக்கும். ஸ்டீயரிங் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், எதைச் சரி செய்யலாம், எதை மாற்ற வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

வெட்டுக்கிளி வந்த கதை

ஜப்பானில் ஷிஜுவோகா என்ற நகரம் இருக்கிறது. அங்குள்ள டமியா நிறுவனம் 1984-ஆம் ஆண்டு 'கிராஸ்ஹாப்பர்' என்ற ரிமோட் காரை வெளியிட்டது. கிராஸ்ஹாப்பர் என்றால் வெட்டுக்கிளி! புழுதியிலும் மேடு பள்ளத்திலும் துள்ளி ஓடுகிற 'பகி' வகைக் கார் அது. நிஜக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவு. பெட்டியைத் திறந்தால் கார் இருக்காது. உதிரி பாகங்கள்தான் இருக்கும். ஒவ்வொன்றாக நாமே பூட்ட வேண்டும். 2005-இல் இதே காரை மீண்டும் வெளியிட்டார்கள்.

இந்த அளவுள்ள பகி கார்களுக்கான முதல் உலகப் போட்டி 1985-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், டெல் மார் என்ற ஊரில் நடந்தது. பந்தயத்தில் ஜெயிக்க வேகம் மட்டும் போதாது. சொன்ன இடத்தில், சொன்ன அளவுக்குத் திரும்ப வேண்டும்.

இப்படி நாமே பூட்டுகிற கார்களில் எந்தப் பாகத்தையும் கழற்றலாம், அளவை மாற்றலாம். கடைகளில் முழுசாக விற்கும் விலை குறைந்த பொம்மைக் கார்களில் இந்த வசதி கிடையாது. கீழே சொல்லும் வேலைகள் பூட்டிக் கழற்றும் கார்களுக்கு உரியவை.

ரிமோட்டிலிருந்து சக்கரம் வரை

ரிமோட்டின் சக்கரத்தை நீங்கள் திருப்பியதும் வானொலி அலை கிளம்புகிறது. காரில் உள்ள ரிசீவர் அதை வாங்கி, 'சர்வோ' என்ற சின்னப் பெட்டிக்குக் கட்டளை அனுப்புகிறது. கட்டளை என்ன தெரியுமா? மின் துடிப்புகள்! சாதாரண சர்வோவுக்கு நொடிக்குச் சுமார் 50 துடிப்புகள் போகும். ஒரு துடிப்பு நொடியின் ஆயிரத்தில் 1.5 பங்கு நேரம் நீடித்தால் 'நடுவில் நில்' என்று பொருள். 1 பங்கு என்றால் ஒரு பக்கம் திரும்பு. 2 பங்கு என்றால் மறுபக்கம் திரும்பு.

சர்வோவுக்குள் குட்டி மோட்டாரும் பற்சக்கரங்களும் இருக்கின்றன. வானொலியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் போன்ற ஒன்றும் இருக்கிறது. 'நாம் இப்போது எவ்வளவு திரும்பியிருக்கிறோம்' என்று சர்வோவுக்குச் சொல்வது அதுதான்.

சர்வோவின் தலையில் ஒரு கை இருக்கும். அந்தக் கையிலிருந்து கம்பிகள் முன் சக்கரங்களுக்குப் போகும். கம்பியின் முனையில் பந்தும் கிண்ணமும் சேர்ந்த ஒரு மூட்டு. நம் தோள்பட்டையில் இருக்கிறதே, பந்துக் கிண்ண மூட்டு, அதே அமைப்பு!

இரண்டு சக்கரமும் ஒரே அளவு திரும்பினால்?

பள்ளியில் நான்கைந்து பேர் கைகோத்து நின்று வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். உள்ளே இருப்பவர் சின்ன வட்டத்திலும் வெளியே இருப்பவர் பெரிய வட்டத்திலும் நடப்பார்கள். காரும் அப்படித்தான். வளைவின் உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்தில் ஓடுவதால் அது கொஞ்சம் அதிகமாகத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் சக்கரம் தரையில் தேய்த்துக்கொண்டு போகும்.

இதற்கு வழி கண்டவர் ஜெர்மனியின் மியூனிக் நகரில் குதிரை வண்டி செய்துவந்த லாங்கன்ஸ்பெர்கர். லண்டனில் வாழ்ந்த ருடால்ஃப் ஆக்கர்மன் 1818-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதனால், கண்டுபிடித்தவர் பெயரை விட்டுவிட்டு, 'ஆக்கர்மன் ஸ்டீயரிங்' என்றே உலகம் சொல்கிறது! குதிரை வண்டிக்கு வந்த யோசனை, இன்று உங்கள் குட்டிக் காரிலும் ஓடுகிறது.

முதல் வேலை: ஆட்டத்தைத் தேடு

காரை அணைத்துவிட்டு, மேஜை மேல் வையுங்கள். ஒரு முன் சக்கரத்தைப் பிடித்து இடமும் வலமும் மெதுவாக அசையுங்கள். சர்வோவின் கை அசையாமல் சக்கரம் மட்டும் ஆடுகிறதா? நடுவில் எங்கோ 'ஆட்டம்' இருக்கிறது. நண்பனை அசைக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். பந்து மூட்டு தேய்ந்திருக்கலாம். திருகு தளர்ந்திருக்கலாம். சக்கரம் திரும்பும் அச்சில் இடைவெளி இருக்கலாம். இடைவெளிக்கு மெல்லிய வாஷர் ஒன்று போதும்.

அடுத்து, நான்கு சக்கரங்களையும் கையால் சுற்றிப் பாருங்கள். ஒன்று மட்டும் இறுக்கமாக இருந்தால், கார் அந்தப் பக்கம் இழுக்கும். அப்போது பழி ஸ்டீயரிங் மேல் இல்லை!

இரண்டாவது: நடுவைக் கண்டுபிடி

ரிமோட்டில் 'ட்ரிம்' என்ற சின்னக் குமிழ் இருக்கும். கார் ஒரு பக்கம் இழுத்தால் எல்லாரும் உடனே அதைத்தான் திருகுவார்கள். காய்ச்சல் ஏன் வந்தது என்று பார்க்காமல் மாத்திரை விழுங்குவது போன்றது இது. இழுப்பது நின்றுவிடும், ஆனால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும்.

சரியான முறை இதுதான். ட்ரிம்மை நடுவில் வையுங்கள். ரிமோட்டையும் காரையும் இயக்குங்கள். சர்வோ தானாக நடுவுக்கு வந்து நிற்கும். அதன் கையைக் கழற்றி, காரின் அமைப்புத் தாளில் காட்டியபடி நேராகப் பூட்டுங்கள். பிறகு கம்பிகளின் நீளத்தைச் சரிசெய்து, சக்கரங்களை நேராக்குங்கள். தரையில் சுண்ணக்கட்டியால் 10 மீட்டர் கோடு போட்டு, அதன்மேல் ஓட்டுங்கள். மிச்சமிருக்கும் சிறு இழுப்பை மட்டும் ட்ரிம்மில் சரிசெய்யலாம்.

மூன்றாவது: பாதம் எந்தப் பக்கம்?

எழுந்து நின்று உங்கள் பாதங்களைப் பாருங்கள். விரல்கள் உள்நோக்கி இருக்கலாம், வெளிநோக்கியும் இருக்கலாம். கார் சக்கரமும் அப்படியே. இரண்டு முன் சக்கரங்களுக்கு இடையே முன்புறத் தூரத்தையும் பின்புறத் தூரத்தையும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். முன்புறம் குறைவாக இருந்தால் உள்நோக்கு. அதிகமாக இருந்தால் வெளிநோக்கு. லேசான உள்நோக்கு, நேர்ப்பாதையில் அலையாமல் ஓட உதவும். லேசான வெளிநோக்கு, வளைவில் சட்டென்று நுழைய உதவும். இரண்டும் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வேண்டாம்.

நான்காவது: முனகலைக் கேள்

முன் சக்கரங்கள் தரையில் படாதபடி காரை ஒரு பெட்டி மேல் வையுங்கள். இடது கோடி வரை திருப்புங்கள். பிறகு வலது கோடி வரை. சக்கரம் இனிமேல் திரும்ப முடியாத இடத்தில் சர்வோ 'ம்ம்ம்' என்று முனகுகிறதா? முடியாத வேலையைச் செய்யப் பார்க்கிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் சூடேறிக் கெட்டுவிடும். பல ரிமோட்டுகளில் திரும்பும் எல்லையைக் குறைக்கும் வசதி இருக்கிறது. முனகல் நிற்கும் வரை குறைத்துவிடுங்கள்.

புதிதாக எதை மாற்றலாம்?

முதலில் தேய்ந்த பந்து மூட்டுகள். விலையும் குறைவு, பலனும் உடனே தெரியும். அடுத்தது 'சர்வோ சேவர்'. சுவரில் மோதும்போது அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொண்டு, சர்வோவின் பற்களைக் காப்பாற்றும் வில் அது. அது ரொம்பத் தொளதொளப்பாக இருந்தால், வேகத்தில் சக்கரம் திரும்பாது. ரொம்ப இறுக்கமாக இருந்தால், மோதும்போது பற்கள் போய்விடும். டமியா கார்களுக்கு 'ஹை டார்க் சர்வோ சேவர்' என்று கொஞ்சம் உறுதியான வகை தனியாகக் கிடைக்கிறது.

கடைசியாகத்தான் சர்வோ. அதன் மேல் இரண்டு எண்கள் பாருங்கள். ஒன்று, பலம். 3 கிலோ-சென்டிமீட்டர் என்றால், 1 செ.மீ. நீளக் கையின் முனையில் 3 கிலோவைத் தாங்கும். கை 2 செ.மீ. என்றால் 1.5 கிலோதான்! நெம்புகோல் பாடம் ஞாபகம் வருகிறதா? இன்னொன்று, வேகம். 60 டிகிரி திரும்ப எத்தனை நொடி? கார் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போனால் நொடிக்கு 10 மீட்டர். சர்வோ 0.2 நொடி எடுத்துக்கொண்டால், அதற்குள் கார் 2 மீட்டர் போய்விடும். 0.1 நொடி என்றால் 1 மீட்டர்தான்.

வாங்கும் முன் இன்னும் இரண்டு விஷயம். சர்வோ தலையின் பற்கள் எல்லா நிறுவனத்திலும் ஒன்றல்ல. ஃபுட்டாபாவில் 25, ஹைடெக்கில் 24, சன்வாவில் 23. பொருந்தாத கையை அழுத்தி மாட்டினால் பற்கள் நசுங்கிவிடும். பலமான சர்வோவுக்கு மின்சாரமும் அதிகம் வேண்டும். அது போதாவிட்டால் ரிசீவர் மயங்கி, ஓடும் காரில் உங்கள் பேச்சு எடுபடாது!

மறக்காதீர்கள்

* இயக்கும்போது முதலில் ரிமோட், பிறகு கார். அணைக்கும்போது முதலில் கார், பிறகு ரிமோட். மாற்றிச் செய்தால் கார் தன்னிச்சையாக ஓடக்கூடும்.

* தெருவில் ஓட்டாதீர்கள். சின்னக் குழந்தைகள் விளையாடும் இடமும் வேண்டாம்.

* பேட்டரிக்கு மின்னேற்றும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். உப்பிப்போன பேட்டரியைத் தொடவே கூடாது.

* ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதையும் ஓடிய விதத்தையும் நோட்டில் எழுதுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால், எது சரிசெய்தது என்றே தெரியாது.

பெரிய பட்டறைகளில் பொறியாளர்கள் செய்வதும் இதைத்தான். கவனித்துப் பார்ப்பது, அளப்பது, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது, எழுதி வைப்பது. சரி, ஸ்குரூ டிரைவரும் சுண்ணக்கட்டியும் நோட்டும் தயாரா? வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வெட்டுக்கிளி கோடு தாண்டாமல் ஓடட்டும்!