வண்டி நிற்குது... கண்ணாடியைக் காணோம்!
ஸ்பானர் ஆசாமிகள் கைவரிசை: வாகன ஓட்டிகளே உஷார்

சென்னையில் ஒரு மோட்டார் சைக்கிள் முழுசாகத் திருடு போனால் அது சேதி. அதில் இருந்து ஒரு கண்ணாடி மட்டும் போனால்? வண்டிக்காரர் யாரையோ நாலு திட்டு திட்டிவிட்டு மெக்கானிக் கடைக்கு வண்டியைத் தள்ளுகிறார். அதோடு சரி.

அந்த ‘அதோடு சரி’தான் திருடனுக்கு முதலீடு!

கடற்கரை - செங்கல்பட்டு மார்க்கத்தில் ரெயில் நிலையங்களுக்கு வெளியே காலை 8 மணிக்கு நிறுத்தும் வண்டியை, ஆபீஸ் முடிந்து இரவு 8 மணிக்குத்தான் எடுக்கிறார்கள். 12 மணி நேரம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. சொந்தக்காரர் எந்த ரெயிலுக்குப் போவார், எந்த ரெயிலில் வருவார் என்பது நாலு நாள் கவனித்தாலே தெரிந்துவிடும். வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு ராத்திரியில்தான் ஆபத்து. ரெயில் நிலைய வண்டிக்கு பட்டப்பகலிலேயே ஆபத்து.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வண்டியையே தள்ளிக்கொண்டு போகிறவனைப் பார்த்தால் யாராவது ‘ஏய், யாருப்பா நீ?’ என்று கேட்பார்கள். ஆனால் வண்டி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஸ்பானர் போடுகிறவனை யார் கேட்பார்கள்? ‘பாவம், வண்டி மக்கர் பண்ணுது போல’ என்று பரிதாபப்பட்டுவிட்டுப் போய்விடுவார்கள்! இந்தப் பரிதாபம்தான் ஆசாமிகளுக்கு முகமூடி.

என்னென்ன போகிறது?

சைடு கண்ணாடி, சரியான அளவு ஸ்பானர் இருந்தால் ஒரு நிமிட வேலை. பேட்டரி, பல மோட்டார் சைக்கிள்களில் சைடு கவருக்குள் இருக்கிறது. அந்தக் கவருக்கு இருக்கிற பூட்டு பெயருக்குத்தான் பூட்டு. செத்த பேட்டரிக்குக்கூட அதில் உள்ள ஈயத்துக்காக விலை உண்டு.

பெட்ரோல் திருட்டு பழைய கதை. டேங்குக்கு அடியில் டியூபை உருவி பாட்டிலில் பிடித்துக்கொள்வான். 2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் பி.எஸ்.6 வண்டிகள் வந்த பிறகு, பெட்ரோல் ஊசி முறையில் போவதால் அந்த வித்தை புது வண்டிகளிடம் லேசில் பலிப்பதில்லை. பழைய வண்டிக்காரர்கள்தான் இன்னும் மாட்டுகிறார்கள்.

ஹெல்மெட் கதை தனி. கண்ணாடியில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போவது, ‘எடுத்துக்கோப்பா’ என்று தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரி. ஹெல்மெட்டும் போய், வீடு திரும்பும் வழியில் போக்குவரத்து போலீசாரிடம் ரூ.1,000 அபராதமும் கட்ட நேரும்.

எங்கே போய்ச் சேருகிறது?

கழற்றியவன் அதை வீட்டில் வைத்து அழகு பார்க்கப் போவதில்லை. காயலான் கடைக்கோ, பழைய பாகம் விற்கும் கடைக்கோதான் போகிறது. உடனே எல்லோரும் புதுப்பேட்டையைக் கை காட்டுவார்கள். அது முழு நியாயம் அல்ல. விபத்தில் நொறுங்கிய வண்டி, ஏலத்தில் எடுத்த வண்டி ஆகியவற்றைப் பிரித்து விற்று நேர்மையாகப் பிழைக்கிற கடைக்காரர்கள் அங்கே ஏராளம்.

கேள்வி கேட்க வேண்டியது வாங்குகிறவரைத்தான். கண்ணாடியைப் பறிகொடுத்தவர் பாதி விலைக்குக் கிடைக்கிறதென்று ரசீது இல்லாமல் ஒரு கண்ணாடி வாங்குகிறார். அது இன்னொருத்தர் வண்டியில் கழற்றியதாக இருக்கலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகப்பட நியாயம் இருந்தோ வாங்குவதும் குற்றம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் இதற்கு 3 ஆண்டு வரை ஜெயில் உண்டு. முதல் தடவை தண்டிக்கப்படும் திருடனுக்கும் அதே 3 ஆண்டுதான் உச்சம்!

சொல்லப்போனால் சின்னத் திருடனுக்குப் புதுச் சட்டம் ஒரு சலுகையும் தருகிறது. பொருளின் மதிப்பு ரூ.5 ஆயிரத்துக்குக் கீழே இருந்து, முதல் தடவை தண்டிக்கப்படுகிறவனாகவும் இருந்து, பொருளையோ அதன் விலையையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவைதான்.

இன்சூரன்சு கை கொடுக்குமா?

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தவர்களுக்கு ஒரு பைசா வராது. முழுக் காப்பீடு எடுத்தவர்களும் பாலிசி தாளைப் படிப்பது நல்லது. ஆசையாக மாட்டிய பெட்டி, கூடுதல் விளக்கு போன்றவை தனியாகத் திருடு போனால் பணம் கிடையாது. வண்டியோடு சேர்ந்து போனால்தான் உண்டு என்று இரு சக்கர வாகன பாலிசியில் நிபந்தனையே இருக்கிறது. வண்டியின் சொந்த பாகத்துக்குப் பணம் கேட்டாலோ, ‘நோ கிளெய்ம் போனஸ்’ என்ற 20 முதல் 50 சதவீத சலுகை அடுத்த வருடம் பறிபோகும். கண்ணாடிக்குக் கேட்கப்போய் கைக்காசு போன கதை ஆகிவிடும்.

ஆகவே பூட்டுதான் வழி

ஹெல்மெட்டை வாரோடு மாட்டாதீர்கள். வாரை பிளேடால் அறுத்துவிடுவான். முகவாய்ப் பகுதி உள்ள ஹெல்மெட்டானால் அந்தத் துவாரத்தின் வழியாகக் கம்பிப் பூட்டைக் கோத்து, சக்கரத்தோடு சேர்த்துப் பூட்டலாம். மழைக்கோட்டு, டூல் கிட் போன்றவற்றைப் பூட்டில்லாத பையில் வைக்கவே கூடாது.

ஆலன் போல்ட் உள்ள இடங்களில் மெக்கானிக்குகள் செய்யும் ஒரு தந்திரம் உண்டு. போல்ட்டின் குழியில் சைக்கிள் பால்ஸ் ஒன்றைப் போட்டு, மேலே மெழுகை உருக்கி ஊற்றிவிடுவது. தேவைப்படும்போது மெழுகைச் சூடாக்கி, காந்தத்தால் பால்ஸை எடுத்துவிடலாம். தெருவில் நிற்கிற திருடனுக்கு அதற்கு ஏது நேரம்?

கண்ணாடியின் பின்புறமும் பேட்டரியிலும் வண்டி நம்பரைச் சுரண்டியோ, பெயிண்டால் எழுதியோ வையுங்கள். நம்பர் உள்ள சாமானைக் கடைக்காரர் கையால் தொடத் தயங்குவார். திருடன் பிடிபட்டால், ‘இது என்னுடையது’ என்று சொல்லவும் அதுதான் சாட்சி.

எல்லாவற்றையும் விட நம்பர் பிளேட் விஷயத்தில் அசட்டை கூடாது. கண்ணாடி போனால் நஷ்டம் சில நூறு ரூபாய். பிளேட் போனால், அதை மாட்டிக்கொண்டு எவனாவது சங்கிலி பறிக்க, போலீசார் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். பிளேட்டைக் காணவில்லையா? அன்றைக்கே போலீஸ் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள். நேரில் போக முடியாதவர்கள் இணையம் வழியாகவும் புகார் அனுப்பலாம். ஆனால் 3 நாளுக்குள் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் அது பதிவாகும்.