தைராய்டு ரத்தப் பரிசோதனைக்குப் போகிறீர்களா?
மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"நாளைக் காலையில் தைராய்டுக்கு ரத்தம் கொடுக்க வேண்டும்" என்று வீட்டில் ஒருவர் சொன்னால் போதும். ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள்.

"மாத்திரையைப் போட்டுக்கொண்டே போ. அப்போதுதான் ரிப்போர்ட் நன்றாக வரும்" என்பார் மாமியார்.

"மாத்திரை போடாமல் போ. அப்போதுதான் நோயின் உண்மையான அளவு தெரியும்" என்பார் கணவர்.

"ஒரு வாரத்துக்கே நிறுத்திவிட்டுப் போங்கள், அக்கா" என்பார் பக்கத்து வீட்டுப் பெண்.

ரத்தம் கொடுக்கப் போகிறவருக்கோ வேறு கவலை. இடையில் பல நாள் மாத்திரை போட மறந்திருப்பார். டாக்டர் கோபித்துக்கொள்வாரே என்று பயந்து, கடைசிப் பத்து நாள் மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு போவார்.

இந்த நான்கில் எது சரி?

கணவர் சொன்ன வழி சரி. ஆனால் அவர் சொன்ன காரணம் தவறு. மற்ற மூன்றும் தவறு. அதிலும் கடைசியில் சொன்னது பெரிய தவறு. அதனால் உடம்புக்கே கெடுதல் வரலாம். எப்படி என்று பார்ப்போம்.

கழுத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்ததுபோல் ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் தைராய்டு. எடை 15 முதல் 20 கிராம்தான்.

ஆனால் அது செய்யும் வேலை பெரிது. 'தைராக்சின்' என்ற சத்தை அது ரத்தத்தில் கலக்கிறது. அதற்குச் சுருக்கப் பெயர் டி-4. உடம்பின் சூடு, இதயத் துடிப்பு, செரிமானம், மூளையின் சுறுசுறுப்பு எல்லாம் அதைப் பொறுத்தே இருக்கின்றன.

அது குறைந்தால் அசதி வரும். எடை கூடும். மலச்சிக்கல் உண்டாகும். முடி கொட்டும். லேசான குளிரும் தாங்காது. அது கூடிவிட்டால் நெஞ்சு படபடக்கும். கை நடுங்கும். உடல் இளைக்கும். தூக்கம் வராது.

குறைவு உள்ளவர்களுக்குத் தரப்படும் மாத்திரையில் இருப்பது அதே தைராக்சின்தான். 100 மைக்ரோகிராம் மாத்திரை தினம் ஒன்று என்று டாக்டர் எழுதுகிறார் அல்லவா? அந்த மாத்திரைகள் பத்தாயிரம் சேர்ந்தால்தான், அவற்றில் உள்ள மருந்து ஒரு கிராம் ஆகும். அதாவது, ஒரு கிராம் மருந்து ஒருவருக்கு 27 ஆண்டுகளுக்குப் போதும்!

அவ்வளவு நுட்பமான மருந்து. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடம்பு காட்டிக் கொடுத்துவிடும். அதனால்தான் அடிக்கடி ரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள்.

ஆட்டிலிருந்து வந்த மருந்து

இந்த மருந்து வந்த கதையும் சுவையானது. 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், ஆட்டின் தைராய்டுச் சுரப்பியிலிருந்து சாறு எடுத்து ஒரு நோயாளிக்கு ஊசி மூலம் செலுத்தினார். அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது 46. முகம் வீங்கி, பேச்சுக் குழறி, நடக்க முடியாமல் இருந்தவர். அவர் குணம் அடைந்தார். மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார்!

1914-ல் அமெரிக்காவில் எட்வர்டு கெண்டல் என்ற விஞ்ஞானி அந்தச் சத்தைத் தனியாகப் பிரித்தெடுத்தார். 1927-ல் இங்கிலாந்தில் சார்லஸ் ஹாரிங்டன் அதைச் செயற்கையாகச் செய்து காட்டினார்.

ஆனால் யாருக்கு எவ்வளவு மருந்து தேவை என்று திட்டமாக அளந்து பார்க்க அப்போது வழி இல்லை. நோயாளியின் முகத்தையும் நாடியையும் எடையையும் பார்த்தே டாக்டர்கள் முடிவு செய்தார்கள்.

ரத்தத்தில் மிக மிகக் குறைவாக இருக்கும் பொருளையும் அளக்கும் முறையை, அமெரிக்காவில் ரோசலின் யாலோ என்ற பெண் விஞ்ஞானியும் சாலமன் பெர்சனும் கண்டுபிடித்தார்கள். அதற்காக யாலோவுக்கு 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஊர்தோறும் நடக்கும் தைராய்டு பரிசோதனைகளுக்கு அந்தக் கண்டுபிடிப்பே வழி காட்டியது.

மேஸ்திரியின் அதட்டல்

ரிப்போர்ட்டில் 'டி.எஸ்.எச்.' என்று ஒன்று இருக்கும். அது என்ன?

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதன் பெயர் பிட்யூட்டரி. தைராய்டுக்கு அதுதான் மேஸ்திரி.

வேலை ஒழுங்காக நடந்தால் மேஸ்திரி அமைதியாக இருப்பார். வேலை குறைந்தால் அதட்டுவார். இன்னும் குறைந்தால் இன்னும் பலமாக அதட்டுவார். அந்த அதட்டல்தான் டி.எஸ்.எச்.

ஆகவே டி.எஸ்.எச். கூடினால், தைராய்டு குறைவு என்று பொருள். டி.எஸ்.எச். குறைந்தால், தைராய்டு சத்து அதிகம் என்று பொருள். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு குழம்புகிறார்கள். சாதாரணமாகப் பெரியவர்களுக்கு இது 0.4 முதல் 4 வரை இருக்கலாம்.

இந்த மேஸ்திரிக்கு ஒரு குணம் உண்டு. கோபம் சட்டென்று தணியாது. மாத்திரையின் அளவை மாற்றினால், அதற்கு ஏற்றபடி டி.எஸ்.எச். வந்து நிற்க ஆறு வாரம் ஆகும். அளவை மாற்றிய டாக்டர், "ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள்" என்று சொல்வது இதற்காகத்தான்.

டி-4 அப்படி அல்ல. மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு சற்று ஏறும். பிறகு இறங்கும்.

டி-4 அன்றைய நிலையைச் சொல்கிறது. டி.எஸ்.எச். ஆறு வாரத்துக் கணக்கைச் சொல்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் எளிது.

பத்து நாள் நாடகம்

இப்போது அந்தப் 'பெரிய தவறு' என்ன என்று பார்ப்போம்.

ஒருவர் இரண்டு மாதமாக மாத்திரையைச் சரியாகப் போடவில்லை. பரிசோதனைக்குப் பத்து நாள் முன்பு விழித்துக்கொண்டு, தினமும் தவறாமல் போடுகிறார். ரத்தம் கொடுக்கிறார்.

டி-4 சரியாக இருக்கிறது. டி.எஸ்.எச். மட்டும் கூடுதலாக இருக்கிறது. மேஸ்திரியின் கோபம் இன்னும் தணியவில்லை!

"மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று டாக்டர் கேட்கிறார்.

"போடுகிறேன், டாக்டர்."

டாக்டர் என்ன செய்வார்? 100 போதவில்லை என்று நினைத்து 125 எழுதிவிடலாம். இவரும் பயந்துபோய், அதை ஒரு நாள் விடாமல் சாப்பிடுவார். 100 மைக்ரோகிராமே போதுமாக இருந்தவருக்கு இப்போது மருந்து அதிகம் ஆகிவிடும்.

சில மாதத்தில் படபடப்பு வரும். தூக்கம் கெடும். வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் உண்டு. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும். ஒரு பொய்யால் வந்த வினை இது!

பக்கத்து வீட்டுப் பெண் சொன்னபடி ஒரு வாரம் நிறுத்தினாலும் இதே தொல்லைதான். மாத்திரையால் ரத்தத்தில் சேர்ந்த தைராக்சின், ஏழு நாளில் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அப்போது எடுக்கும் ரிப்போர்ட் எதற்கு உதவும்? நோய் உண்டா என்று பார்க்க இந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை. அது முன்பே தெரிந்ததுதான். இப்போது சாப்பிடும் அளவு சரிதானா என்று பார்க்கவே ரத்தம் எடுக்கிறார்கள். கணவர் சொன்ன காரணம் தவறானதும் இதனால்தான்.

அன்று காலையில்

* எப்போதும் காலையிலேயே ரத்தம் கொடுங்கள். டி.எஸ்.எச். இரவிலும் விடியற்காலையிலும் கூடுதலாக இருக்கும், பிற்பகலில் குறையும். ஒரு தடவை காலையிலும் மறு தடவை மாலையிலும் கொடுத்தால், இரண்டையும் ஒப்பிடுவது கஷ்டம்.

* அன்றைய மாத்திரையைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ரத்தம் கொடுத்ததும் தண்ணீருடன் விழுங்குங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபியும் பலகாரமும் சாப்பிடலாம்.

* தைராய்டு பரிசோதனைக்கு மட்டும் என்றால் பட்டினி கிடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும் அல்லவா? அதனால் சாப்பிடாமல் போவதே சௌகரியம். தண்ணீர் குடிக்கலாம்.

* மறந்துபோய் மாத்திரையை விழுங்கிவிட்டீர்களா? பயப்பட வேண்டாம். அன்று போட்ட ஒரு மாத்திரையால் டி.எஸ்.எச். மாறிவிடாது. எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

* ரத்தக் கொதிப்பு, இதய நோய் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தக் கூடாது. சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், வெறும் வயிற்றுடன் போவதைப் பற்றி முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முடி மாத்திரை செய்யும் மோசடி

முடி வளர, நகம் உறுதியாக என்று பலர் 'பயோட்டின்' மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இது ஒரு வைட்டமின். ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். கடையில் விற்கும் சில மாத்திரைகளிலோ 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. 300 மடங்குக்கும் மேல்!

பல பரிசோதனை நிலையங்களில், ரத்தத்தை அளக்கும் முறையிலேயே பயோட்டின் ஒட்டும் பசைபோல் பயன்படுகிறது. ரத்தத்திலும் அது நிறைய இருந்தால் இயந்திரம் ஏமாந்துவிடும். டி.எஸ்.எச்.சைக் குறைத்துக் காட்டும். டி-4-ஐக் கூட்டிக் காட்டும். மருந்து போதாமல் இருப்பவருக்கும், மருந்து அதிகம் என்று ரிப்போர்ட் வரும்!

பயோட்டினால் பரிசோதனை முடிவுகள் தவறாகலாம் என்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2017-ல் எச்சரித்தது. குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கம் சொல்கிறது. எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரிடம் சொன்னால், எத்தனை நாள் நிறுத்துவது என்று அவர் சொல்வார்.

காபியும் கால்சியமும்

கண் விழித்ததும் மாத்திரை, கையோடு காபி. இது நம் வீடுகளில் வழக்கம். ஆனால் காபி, மாத்திரையை உடம்பில் சரியாகச் சேரவிடாது. கால்சியம் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் அப்படியே. அவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

ஒரு நாள் காலையில் மறந்தால், அன்றே பிறகு வயிறு காலியாக இருக்கும்போது போட்டுக்கொள்ளலாம். விட்டுப்போன பல நாள் மாத்திரைகளைப் பரிசோதனைக்கு முன்தினம் மொத்தமாக விழுங்கக் கூடாது.

இவர்கள் உஷாராக இருக்க வேண்டும்

தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால், அடுத்த பரிசோதனை வரை காத்திருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும். கர்ப்ப காலத்தில் இந்த மருந்து பலருக்குக் கூடுதலாகத் தேவைப்படும். முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்சின்தான் ஆதாரம். அதனால் கர்ப்பத்தின் முற்பாதியில் நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்ப்பார்கள்.

தைராய்டு அதிகமாகி 'கார்பிமசோல்' மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. அவர்களுக்கு டி.எஸ்.எச். பல மாதம் வரை தாழ்ந்தே இருக்கலாம். ஆகவே டி-3, டி-4 இரண்டையும் பார்த்தே டாக்டர் முடிவு செய்வார். ஆனால் அந்த மாத்திரை சாப்பிடும்போது காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அது அபாய அறிகுறி.

இதயத் துடிப்பைச் சீராக்கத் தரும் அமியோடரோன், மனநோய்க்குத் தரும் லித்தியம் போன்ற மருந்துகளும் தைராய்டைப் பாதிக்கும். அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு சீட்டு எழுதுங்கள்

அடுத்த முறை பரிசோதனைக்குப் போகுமுன் ஒரு சிறு சீட்டில் ஐந்து விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்.

மாத்திரையின் பெயரும் அளவும். கடைசியாகப் போட்ட நாளும் மணியும். சென்ற இரண்டு மாதத்தில் எத்தனை நாள் விட்டுப்போயிற்று என்பது. சாப்பிடும் மற்ற மருந்துகள், சத்து மாத்திரைகள். பெண்களானால், கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்பது.

எழுதத் தயக்கம் உள்ளவர்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லலாம்.

மூன்றாவது விஷயத்தை மட்டும் கூச்சப்படாமல் உள்ளபடி எழுதுங்கள். பத்து நாள் விட்டிருந்தால் பத்து என்றே எழுதுங்கள். டாக்டர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளலாம். ஆனால் மருந்தின் அளவைத் தவறாகக் கூட்டமாட்டார். "இதே மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு ஆறு வாரம் கழித்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்புவார்.